எடிட்டரைச் சேர்ப்பது இரண்டு வரி வேலைதான், அதற்கப்புறம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் சிறு பத்திரிகைகளும் தங்கள் இணையதளத்தைத் தாங்களே நடத்திக்கொள்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரைதான், நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், தளத்தில் கட்டுரை ஏற்றும் சி.எம்.எஸ். மென்பொருளில், எழுத்தைத் தடிமனாக்கவும் படம் சேர்க்கவும் பட்டன் உள்ள ஒரு ரிச் டெக்ஸ்ட் எடிட்டரைச் சேர்த்துவிட்டால் போதும், இரண்டு வரி ஸ்கிரிப்ட், அதாவது நிரல்தான், அதன்பின் ஆபீசில் யார் வேண்டுமானாலும் வேர்டில் அடிப்பதுபோல அடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். தென்மாவட்டங்களில் இந்த மாதிரி நிறுவனங்களுக்கு இணையதளம் செய்துகொடுத்துப் பிழைப்பவன் நான். எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வரியால் வருபவை. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீளும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வரி என்பது பொய்யில்லை. சிகே எடிட்டரோ, டைனி எம்.சி.ஈ.யோ, குவில்லோ எதை எடுத்தாலும், வெறும் பெட்டியாக இருந்த இடத்தில் போல்டு, லிங்க், படம் என்று பட்டன் வரிசையோடு எடிட்டர் வந்து நிற்க அரை மணி நேரம் ஆகாது. வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். உடனே அடுத்த கோரிக்கை வரும்: "தம்பி, வேர்டுல இருக்கிற எல்லாமே இதுல வரணும்." இங்கேதான் டெவலப்பர் வாயைத் திறக்க வேண்டும், திறப்பதில்லை. இருக்கிற பட்டன் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

எழுத்துரு மாற்றும் பட்டன், அளவு மாற்றும் பட்டன், கலர் பட்டன் இந்த மூன்றையும் கொடுத்த எந்தத் தளமும் ஆறு மாதத்தில் பண்டிகைக் கால பிட் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அறிவிப்பு சிவப்பில் இருக்கும், மறுப்பு அறிவிப்பு அதைவிடப் பெரிய சிவப்பில் இருக்கும். போடுகிறவர் மேல் தப்பில்லை. அவர் முன்னால் பட்டன் இருக்கிறது, அவசரம் என்று மேலாளர் சொல்கிறார், அழுத்துகிறார். தளத்தின் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் வடிவமைப்பில் ஒரே இடத்தில் தீர்மானித்து வைக்க வேண்டியவை. உள்ளே எழுதுகிறவர் சொல்ல வேண்டியது இது தலைப்பு, இது உபதலைப்பு, இது பட்டியல், இது மேற்கோள், இந்தச் சொல் முக்கியம், இது லிங்க் என்று இவ்வளவுதான். ஒரு வரியைப் பெரிசாக்கித் தடிமனாக்கிவிட்டால் அது கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியும்; ஆனால் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்ற ஒருவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிக்கப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் தலைப்பே கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது என்பதைக் கல்லூரி நிர்வாகங்களுக்கு யாராவது நினைவுபடுத்தினால் நல்லது.

தமிழ் என்று வரும்போது இன்னும் இரண்டு பட்டன்களை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. ஒன்று இட்டாலிக். நம் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்ந்த எழுத்து என்று தனியாக யாரும் வரைந்து வைப்பதில்லை, பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டுகிறது, ழகரமும் ணகரமும் விழப்போவதுபோல் நிற்கும். இன்னொன்று அடிக்கோடு. கு, மு, ழு என்று கீழே இறங்கும் எழுத்துகளின் வாலில் கோடு போய் முட்டும் அல்லது அங்கங்கே அறுந்து நிற்கும், போதாக்குறைக்கு அதை லிங்க் என்று நினைத்து ஆட்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். இருபுறமும் சமமாக நிறைக்கும் ஜஸ்டிஃபை பட்டனும் எனக்குப் பிடிக்காது. அச்சுப் பத்திரிகையில் நீங்கள் அதைச் செய்யலாம், சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக உங்களிடம் ஆள் இருக்கிறார். செல்போன் திரையில் 'நிறுவப்பட்டிருக்கிறது' மாதிரி ஒரு சொல் கீழே இறங்கிவிட்டால் மேல் வரியில் மிஞ்சும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு பஸ் போகலாம்.

பட்டன் சமாச்சாரம் கண்ணுக்குத் தெரிவது, திட்டியாவது சரிசெய்யலாம். பெரிய சங்கடம் பேஸ்ட் செய்வதில் இருக்கிறது. சி.எம்.எஸ். எடிட்டருக்குள் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கட்டுரை அடிக்கிறவர் அபூர்வம். எல்லாம் வேறெங்கோ அடித்ததுதான், காப்பி, பேஸ்ட். வேர்டிலிருந்து ஒட்டினால் பத்திக்குப் பத்தி 'எம்.எஸ்.ஓ.' என்று தொடங்கும் வேர்டின் சொந்தச் சரக்கும், லதா எழுத்துரு, பன்னிரண்டு புள்ளி, இத்தனை அங்குல ஓரம் என்று கண்ணுக்குத் தெரியாத மூட்டையும் சேர்ந்து வருகின்றன. நாலு வரி அறிவிப்புக்கு நாற்பது வரி கோட். தளத்தின் வடிவமைப்பை அடுத்த வருடம் மாற்றினால் புதிய பக்கங்கள் எல்லாம் மாறும், இந்த ஒட்டுப் பக்கங்கள் மட்டும் பழைய எழுத்துருவிலேயே நிற்கும்.

சரி, எழுத்துரு, அளவு சொல்லும் ஸ்டைல் குறிப்புகளையெல்லாம் அடித்துத் துடைத்துவிட்டு, இது தலைப்பு, இது பத்தி என்று சொல்லும் டேக்கை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று ஒரு வடிகட்டி போட்டால், அடுத்து வருகிறது கூகுள் டாக்ஸ். இது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை. கூகுள் டாக்ஸிலிருந்து காப்பி செய்தால், மொத்தக் கட்டுரையையும் ஒரு போல்டு டேக்குக்குள் வைத்துக் கட்டி, கூடவே அந்த டேக்கிலேயே 'இதன் தடிமன் சாதாரணம்' என்று ஒரு ஸ்டைலையும் எழுதித் தருகிறது. ஸ்டைலைத் துடைத்துவிட்டு டேக்கை விட்டுவைக்கிற வடிகட்டி என்ன செய்யும்? முழுக் கட்டுரையும் தடித்த எழுத்தில் வந்து நிற்கும். போட்டவர் நான் போல்டே போடவில்லை என்று சத்தியம் பண்ணுவார், அவர் சொல்வது நிஜம். பெரிய எடிட்டர்கள் இதைத் தெரிந்துவைத்துச் சமாளிக்கின்றன. நாமே கைப்பட எழுதும் வடிகட்டியில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டுகிறவர்கள் தனி ரகம். அங்கே தடித்த எழுத்துக்காகச் சொல்லுக்கு இருபுறமும் போட்ட நட்சத்திரக் குறி அப்படியே தளத்தில் ஏறி, செயலாளர் பெயருக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் மின்னும். பி.டி.எஃப்.பிலிருந்து எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி, எந்தச் சொல் எது என்றே புரியாது. இதைத் தானாகச் சரிசெய்யும் எடிட்டர் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. மறுபடி அடிப்பதுதான் வழி.

இவற்றுக்கெல்லாம் மேலே பழைய எழுத்துருப் பிரச்சினை ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஆபீஸ்களில் இன்னும் மலைபோல் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010-இல், எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணால் எழுத்தைக் குறிக்கும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டு அறிவித்தது. பீரோவில் இருக்கிற கோப்புகளுக்கு அது தெரியுமா? எழுத்துரு மாற்றும் பட்டன் இருந்தால், கணினியில் பாமினி நிறுவி வைத்திருக்கும் உதவியாளர் பழைய கோப்பை ஒட்டிப் பார்க்கிறார், அந்த ஒட்டலோடு 'பாமினி' என்ற எழுத்துருப் பெயரும் உள்ளே வந்துவிடுகிறது, அவர் திரையில் அழகான தமிழ் தெரிகிறது, சேமித்துவிட்டுப் போகிறார். ஊரில் உள்ள மற்ற எல்லோருடைய போனிலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பை. அவரை அழைத்துச் சொன்னால், எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்பார். எழுத்துருப் பெயரை உள்ளே விடாமல் தடுத்துவிட்டால், குப்பை அவருக்கே முதலில் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருவார். தமிழ்ப் பக்கம் என்று குறித்த பதிவில் தமிழ் எழுத்தே பெரும்பாலும் இல்லை என்றால் சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கை காட்டுவது ஒரு மணி நேர வேலை. யாரும் செய்வதில்லை.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் ஏன் இவ்வளவு கோணலாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக. பக்கத்தின் ஒரு பகுதியை அப்படியே திருத்தவிடும் வசதியை 2000-ஆம் ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்கள் பின்னால் பார்த்துப் பார்த்துச் செய்தன. என்டர் தட்டினால் ஒன்று பத்தி டேக் போடும், ஒன்று டிவ் டேக் போடும், இன்னொன்று வெறும் வரி முறிவு போடும். எடிட்டர்கள் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கப் பிறந்தவை என்றே சொல்லலாம். ப்ரோஸ்மிரர் போன்ற புதியவை பிரவுசர் தருவதை நம்பாமல், ஆவணத்தின் அமைப்பைத் தாங்களே தனியாக வைத்துக்கொண்டு, அதில் அனுமதி இல்லாத எதையும் உள்ளே விடுவதில்லை. வேர்டு மூட்டை வாசலிலேயே அவிழ்ந்துபோகிறது. அந்த வகை எடிட்டர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் ஐந்து பேர் வேலை செய்யும் நூலகத்துக்கோ சங்கத்துக்கோ செய்யும்போது, எழுதியதை, டேக்குகளால் இணையப் பக்கம் எழுதும் பொது மொழியான எச்.டி.எம்.எல்.லாகவே சுத்தமாகச் சேமித்து வையுங்கள் என்பேன். எடிட்டர்கள் வரும் போகும். அவற்றின் சொந்த வடிவத்தில் மட்டும் சேமித்துவைத்துவிட்டு, அந்த எடிட்டரைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டால், பதினைந்து வருடக் கட்டுரைகளை மீட்டு எடுக்க எவனையாவது பிடிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்கு உண்மையில் கோபம். எடிட்டரைச் சேர்ப்பது என்றால், வெளியிலிருந்து வரும் எச்.டி.எம்.எல்.லை வாங்கி நம் பக்கத்தில் அப்படியே காட்டச் சம்மதிக்கிறோம் என்று அர்த்தம். அதில் ஒரு ஸ்கிரிப்ட் ஒளிந்துவந்தால், பக்கத்தைப் பார்க்கிற ஒவ்வொருவர் பிரவுசரிலும் அது ஓடும், அட்மின் பார்த்தால் அட்மின் அதிகாரத்தோடே ஓடும். இது பயமுறுத்தல் இல்லை. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தில் சாமி கம்கர் என்ற இளைஞர் செய்தது பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. தங்கள் பக்கத்தை அலங்கரித்துக்கொள்ள உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் எச்.டி.எம்.எல். அனுமதித்திருந்தார்கள், ஸ்கிரிப்ட் டேக்கைத் தடுத்திருந்தார்கள், பிரவுசரில் ஓடும் நிரல் மொழியான 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையே வெட்டிவிட்டார்கள். அவர் அந்தச் சொல்லை நடுவில் ஒரு வரி முறிவு போட்டு இரண்டாக உடைத்து, பின்னணிப் படத்துக்கான ஸ்டைலுக்குள் ஒளித்துவைத்தார். வடிகட்டி விட்டுவிட்டது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதைச் சேர்த்துப் படித்து ஓட்டியது. அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தில் அது தொற்றி, அங்கிருந்து அடுத்தவருக்குத் தொற்றி, ஒரே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் தங்களுக்கே தெரியாமல் அவருக்கு நண்பர் அழைப்பு அனுப்பிவிட்டார்கள். தளத்தையே நிறுத்திச் சரிசெய்ய வேண்டியதாகிவிட்டது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கெட்டது எது என்று பட்டியல் போட்டுத் தடுக்கவே கூடாது என்பது. அந்தப் பட்டியல் முடியாது. இன்னின்ன டேக், இன்னின்ன பண்பு மட்டும் உள்ளே வரலாம், மற்றதெல்லாம் வெளியே என்று வைக்க வேண்டும். வீடியோ வேண்டுமென்றால் யூடியூப் முகவரிக்கு மட்டும் அனுமதி. இந்த வடிகட்டலை எடிட்டர் செய்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. எடிட்டர் ஓடுவது எழுதுகிறவர் பிரவுசரில். அதைத் தொடாமலேயே, தளம் இருக்கும் கணினியான சர்வருக்கு நேராக எதையும் அனுப்பலாம். அங்கே மட்டும் வடிகட்டுவது வாசல் கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பது. சர்வரில் வடிகட்டியே ஆக வேண்டும், அதையும் நாமே நாலு வரி எழுதிச் செய்யக் கூடாது. தளம் எழுதிய மொழி பி.எச்.பி. என்றால் எச்.டி.எம்.எல். ப்யூரிஃபையர், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் டாம்ப்யூரிஃபை என்று வடிகட்டிகள் இலவசமாகவே இருக்கின்றன. எங்கள் தளத்தில் எங்கள் ஊழியர்தான் எழுதுகிறார், வெளியாள் யாரும் இல்லை என்று சொல்லும் நிர்வாகிகளுக்கு என் பதில் ஒன்றுதான்: அட்மின் பாஸ்வேர்டு உங்கள் ஆபீஸ் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறதா இல்லையா, போய்ப் பாருங்கள்.

இனி, கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ். இது கொஞ்சம் உள்விவகாரம், ஆனால் தமிழில் எழுதுகிறவர்களை மட்டும் தேடிவந்து கடிக்கிற விவகாரம். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் கட்டுரையை வைக்க 'டெக்ஸ்ட்' என்ற வகையைத்தான் எல்லோரும் போடுவார்கள். அதன் கொள்ளளவு 65,535 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், பத்தாயிரம் சொல்லுக்குக் கிட்டே வரும் கட்டுரைகூட உள்ளே போய்விடும், அதனால் இதைச் சோதித்த யாருக்கும் பிரச்சினை வந்திருக்காது. தமிழில் யூனிகோடு குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'நூலகம்' என்று நாம் நாலு எழுத்து எழுதினால் உள்ளே ஆறு குறி, பதினெட்டு பைட். இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு சொல் போனாலே விளிம்புக்கு வந்துவிடுகிறோம், வேர்டு மூட்டையும் சேர்ந்தால் அதற்கு முன்பே. புதிய அமைப்புகளில் பிழை என்று சொல்லிச் சேமிக்க மறுக்கும், அது நல்லது. பழைய சர்வர்களில் மூச்சுவிடாமல் வாலை வெட்டிவிட்டுச் சேமித்தாயிற்று என்று சொல்லும். இலக்கிய இதழ் ஒன்றின் தளத்தில் நீளமான நேர்காணல்கள் மட்டும் கடைசிக் கேள்விக்கு நடுவில் நின்றுபோவதை, எழுத்தாளரே முடிக்காமல் அனுப்பிவிட்டார் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறார்கள். 'மீடியம்டெக்ஸ்ட்' என்று ஒரு சொல்லை மாற்றினால் கொள்ளளவு 16 எம்.பி. தீர்ந்தது.

அதே குடும்பத்தில் இன்னொன்று. மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்8' என்று பெயர் வைத்த பழைய எழுத்துக்குறியீட்டு வகை உண்மையில் ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு மூன்று போதும் என்பதால் வருடக்கணக்கில் எந்தக் குறையும் தெரியாது. ஒருநாள் யாரோ வாழ்த்துச் செய்தியின் முதல் வரியில் வணக்கம் போட்டுக் கைகூப்பும் இமோஜியையும் ஒட்டுவார்கள், அது நாலு பைட். பழைய சர்வரில் அந்த இமோஜியிலிருந்து மிச்சக் கட்டுரை முழுவதும் போய்விடும். 'வணக்கம்' மட்டும் இருக்கும். 'யூடிஎஃப்8எம்பி4' என்ற சரியான வகை 2010-இலேயே வந்துவிட்டது, 2018-இல் வந்த 8.0 பதிப்பில் அதுவே இயல்பாகவும் ஆகிவிட்டது. ஆனால் பழைய தளத்துக்குப் புது எடிட்டர் மாட்டுகிறவர்கள் கீழே டேபிள் எந்த வகையில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை.

இன்னொரு குழப்பம் எண்களாக மாற்றிவிடுவது. சில எடிட்டர்களில் ஓர் அமைப்பைத் தட்டிவிட்டால், ஆங்கிலம் அல்லாத எழுத்தையெல்லாம் எண்ணாக்கிச் சேமிக்கும். 'க' என்பது 2965 என்ற எண்ணாக, முன்னும் பின்னும் குறிகளோடு ஏழு பைட்டாகப் போய் உட்காரும். பக்கத்தில் பார்த்தால் தமிழ் அழகாகத் தெரியும். தளத்தின் தேடலில் 'கபிலர்' என்று போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் டேட்டாபேஸில் கபிலர் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. தேடல் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 'கொ'வில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம், இரண்டும் பார்க்க ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கி வைத்தால் பாதித் தேடல் புகார் குறையும். 'கௌ'வுக்கு ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதுகிறவர்களை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது, அது வேறு கதை.

முகப்புப் பக்கத்தில் கட்டுரையின் முதல் சில வரியை மட்டும் காட்டுவார்கள் இல்லையா, அதையும் கவனியுங்கள். 150 என்று எண்ணி வெட்டுகிறார்கள். பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து கேள்விக்குறிக் கட்டமாகிவிடும். குறிக் கணக்கில் வெட்டினால் 'பூ' என்பது 'ப' என்று நிற்கும், 'மிழ்' என்பது 'மிழ' என்று நிற்கும். எடிட்டர் சேர்ந்த பிறகு இதில் டேக்கும் கலந்துவிடுகிறது. போல்டு டேக் தொடங்கிய பிறகு, மூடும் முன் வெட்டிவிட்டால், அதற்குக் கீழே முகப்புப் பக்கத்தில் இருக்கும் எல்லாமே தடித்த எழுத்து. நேற்றுவரை நன்றாக இருந்த தளம் இன்று காலை திடீரென்று மொத்தமும் போல்டாகிவிட்டது என்று போன் வந்தால் எனக்கு வேறெதையும் பார்க்கத் தேவையில்லை, கடைசியாகப் போட்ட கட்டுரையைத் திறந்தால் போதும். டேக்குகளை எடுத்துவிட்டு, எழுத்து எழுத்தாக எண்ணும் செயற்கூறை வைத்து வெட்ட வேண்டும். பி.எச்.பி.யில் அது இருக்கிறது.

போனில் எழுதுகிறவர்கள் இப்போது அதிகம். ஆண்ட்ராய்டு விசைப்பலகையில் தமிழ் அடிக்கும்போது சொல் முடியும்வரை எழுத்துகள் உருமாறிக்கொண்டே இருக்கும், எடிட்டருக்கு எந்த விசை அழுத்தப்பட்டது என்றே சரியாகச் சொல்லப்படாது, எதை அழுத்தினாலும் 229 என்ற ஒரே எண்தான் பல நேரம் வரும். விசையை நம்பி எழுதிய எடிட்டர்களில் எழுத்து இரட்டிக்கும், கர்சர் வரித் தொடக்கத்துக்கு ஓடும். எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் டெமோ பக்கத்தைப் போனில் திறந்து, தமிழில் ஒரு பத்தி அடித்து, நடுவில் போய் ஒரு சொல்லை அழித்து, திரும்ப அடித்துப் பாருங்கள். ஒப்பீட்டு அட்டவணை படிப்பதைவிட இது உபயோகம்.

படங்களில் ஒரு எச்சரிக்கை மட்டும். சில எடிட்டர்களில், குவில்லில் இயல்பாகவே, படத்தை ஒட்டினால் அது தனிக் கோப்பாக ஏறாது. படம் முழுவதும் எழுத்தாக மாறிக் கட்டுரைக்குள்ளேயே போய்விடும், அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடும். போனில் எடுத்த மூன்று எம்.பி. படம் நாலு எம்.பி. கட்டுரையாகிறது. பதிவேற்றத்துக்குத் தனி வழி செய்து, சர்வரில் அளவைக் குறைத்து வைக்க வேண்டும்.

தானாகச் சேமிப்பது இல்லாத எடிட்டரை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மத்தியானம் கரண்ட் போகிற ஊர்களில் இருக்கிறோம். கரண்ட் போகாவிட்டாலும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆண்டறிக்கையை அடித்துவிட்டுச் சேமி என்று அழுத்தினால் லாகின் நேரம் முடிந்து மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்து உள்ளே போனால் பெட்டி காலி. வேர்ட்பிரஸ் நிமிடத்துக்கு ஒரு தடவை தானே சேமித்துக்கொள்கிறது. நாமே செய்யும் சி.எம்.எஸ்.ஸில் பிரவுசரிலேயே வரைவை வைத்துக்கொள்ளும் வசதி செய்வது பெரிய வித்தையில்லை. பட்டன் கலரைப் பற்றி மூன்று கூட்டம் போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

கடைசியாக, கட்டுரையில் சிகே எடிட்டரின் நான்காம் பதிப்பை இலவசம் என்று சிபாரிசு செய்திருந்ததால் இது. அதற்கான இலவச ஆதரவு 2023 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 4.22 போட்டிருக்கும் தளங்களில் எடிட்டரைத் திறந்ததும் இந்தப் பதிப்பு பாதுகாப்பானது அல்ல என்று ஓர் அறிவிப்பு வருவதை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அந்த அறிவிப்பை ஒரு வரியில் மறைத்துவிடலாம், தயவுசெய்து மறைக்கச் சொல்லாதீர்கள். ஐந்தாம் பதிப்புக்கு மாறுவதென்றால் உரிமத்தைப் படியுங்கள், ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தின் நிபந்தனைக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம் அல்லது காசு கட்ட வேண்டும், டைனி எம்.சி.ஈ.யும் 2024-இல் ஏழாம் பதிப்பிலிருந்து ஜி.பி.எல்.லுக்கு மாறிவிட்டது. இன்னொன்று, ஐந்தாம் பதிப்பு தனக்குத் தெரியாத டேக்குகளைப் பழைய பக்கத்தைத் திறந்து சேமிக்கும்போது சத்தமில்லாமல் கழித்துவிடும். அதனால் முதலில் பேக்கப். பிறகு அட்டவணை, வீடியோ, பழைய படங்கள் இருக்கும் பக்கங்களாகப் பார்த்து எடுத்து, நகல் தளத்தில் திறந்து, ஒன்றும் மாற்றாமல் சேமித்து, முன்னும் பின்னும் உள்ள கோட் வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு டெவலப்பர் தனியாகக் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், அது நியாயமான காசு.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
திருநெல்வேலி.